இரண்டு வீடு, ஒரே காலண்டர்: பிரிந்த பிறகு பிள்ளையைச் சேர்ந்து வளர்க்க

பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டுச் சுவருக்கு, இன்னொன்று பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ இருக்கும் அந்த வீட்டுக்கு. குழந்தை உங்களோடு இருக்கும் நாளுக்கு ஒரு நிறம், அங்கே இருக்கும் நாளுக்கு வேறு நிறம். குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். பிரிந்த பிறகு வரும் சண்டை பெரும்பாலும் "இந்தச் சனிக்கிழமை யார்கிட்ட?" என்பதில்தான் தொடங்கும், பழைய கோபமெல்லாம் அதன் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு மனுப் போடுகிறவர்கள், "வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதுண்டு. அந்த ஒரு வரிதான் பிறகு வருடக்கணக்கில் இழுக்கும். மாதத்தின் எந்தெந்த வெள்ளி, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, சனிக்கிழமை பள்ளி வைத்தால் என்ன, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நாளை எப்போது ஈடுசெய்வது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பிள்ளை வளர வளர ஏற்பாடு பொருந்தாமல் போகும்; அப்போது அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் மாற்றம் கேட்கலாம். நீதிமன்றத்துக்கே போகாமல் பிரிந்திருப்பவர்களும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு வாரம் பார்க்காமல் இருப்பது என்பது மிக நீளம். வாரத்தில் இரண்டு மூன்று முறை, இரண்டிரண்டு மணி நேரமாகப் பார்ப்பது அந்த வயதுக்குப் பொருந்தும். பள்ளி வயதில் ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியும் நடுவில் ஒரு மாலையும் தாங்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டால் டியூஷன் நேரத்தைப் பிள்ளையிடமே கேட்டுவிட்டுத்தான் நிறம் தீட்ட வேண்டும்.

பண்டிகை நாட்களைத் தனியாகப் பேசி முடியுங்கள். பொங்கலில் நான்கு நாள் இருப்பதால் பங்கிடுவது எளிது: போகியும் பொங்கலும் ஒரு வீட்டில், மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மற்ற வீட்டில், அடுத்த வருடம் மாற்றி. தீபாவளி ஒரே நாள். காலையில் எண்ணெய்க் குளியல் இங்கே, மாலை மத்தாப்பு அங்கே என்று பிரிப்பது இரண்டு வீடும் அரை மணி நேரத் தொலைவுக்குள் இருந்தால் மட்டுமே நடக்கும். ஒருவர் சென்னை, ஒருவர் மதுரை என்றால் வருடம் விட்டு வருடம்தான் சரி.

இனி கைமாற்றும் நேரம். மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். கேட்டருகே இருவரும் நின்று, "ஹோம்வொர்க் முடிக்கல, போன மாசப் பணம் வரல" என்று பேச ஆரம்பித்தால், நடுவில் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் குழந்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். கூடியவரை பள்ளியை வைத்தே மாற்றிக்கொள்ளுங்கள்: வெள்ளிக் காலை ஒருவர் கொண்டுவிட, மாலை மற்றவர் அழைத்துப்போவார், திங்கள் காலை அவரே பள்ளியில் விடுவார். நேருக்கு நேர் பார்க்கும் அவசியமே வராது. அதற்குப் பள்ளி அலுவலகத்தில் இருவர் பெயரும் படமும் எழுத்தில் இருக்க வேண்டும். விடுமுறையில் வாசலிலேயே விடுங்கள். பதினைந்து நிமிடத் தாமதம் வரை சொல்லத் தேவையில்லை, அதற்கு மேல் போனால் ஒரு செய்தி.

பையில் என்ன போகிறது என்பதற்கும் ஒரு முறை வேண்டும். பிரஷ், இரவு உடை, நான்கு செட் உள்ளாடை, ஒரு செட் சீருடை, தலையணை ஆகியவை இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இருக்கட்டும். போய்வர வேண்டியவை பள்ளிப் பை, கண்ணாடி, நடப்பில் இருக்கும் மருந்து, கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை. அந்தப் பொம்மையை மறந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் எடுத்துவர வேண்டியிருக்கும். பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

மருந்தில் நடக்கும் தவறு ஆபத்தானது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வலுவில் கிடைக்கிறது. ஒரு வீட்டில் 125, மற்ற வீட்டில் 250 இருந்து, "பத்து மில்லி குடு" என்று போனில் சொன்னால் குழந்தைக்கு இரண்டு மடங்கு போய்விடும். இரண்டு வீட்டிலும் ஒரே வலு வாங்கிவையுங்கள். கைமாற்றும்போது கடைசியாகக் கொடுத்த நேரம், அளவு, மருந்தின் பெயர் மூன்றையும் சீட்டில் எழுதிப் பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு வீட்டையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போகக் கூடாது.

போனில் அவர் பெயரை அழித்துவிட்டு "பாப்பாவோட அப்பா" அல்லது "தம்பியோட அம்மா" என்று பதிந்துகொள்ளுங்கள். செய்தி வரும்போது கண்ணில் படுவது அந்த உறவாக இருந்தால் பதிலும் அதற்கேற்றபடி வரும். வாட்ஸ்அப்பில் பிள்ளை விஷயம் மட்டும், ஒரு செய்திக்கு ஒரு விஷயம். கோபமூட்டும் செய்தி வந்தால், அவசரம் இல்லாதவரை, மறுநாள் காலையில் பதில் போடுங்கள். பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், "ஃபீஸ் கட்டச் சொல்லு" என்றுகூட.

பணத்தை வருமான விகிதத்தில் பிரியுங்கள். ஒருவருக்கு மாதம் 60,000, மற்றவருக்கு 40,000 என்றால், 30,000 ரூபாய் டெர்ம் ஃபீஸில் 18,000, 12,000. நீதிமன்றம் ஜீவனாம்சம் நிர்ணயித்திருந்தால் அந்தக் கணக்கு வேறு. பள்ளிச் செலவை அதில் கழிக்க முடியுமா என்பதை உத்தரவைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தொகையைத் தாண்டிய செலவுக்கு, 2,000 என்று வைத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே கேட்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ரசீதுப் படம் அன்றைக்கே, கணக்கு முடிப்பது மாதம் 5-ஆம் தேதி.

ஆவணங்களில் பலரும் மறப்பது மொபைல் எண். குழந்தையின் ஆதாருக்கு ஒரே எண்தான் இணைக்க முடியும், ஓடிபி அதற்குத்தான் போகும். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்கவும் வேண்டும். பள்ளியின் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்திட்ட 'டி' இணைப்புப் படிவம் வேண்டும். ஒருவர் சம்மதம் கிடைக்காதபோது 'சி' படிவம். உங்கள் பி.எஃப்., காப்பீடு, வங்கிக் கணக்கின் நாமினி பெயர்களையும் பிரிந்த வாரமே எடுத்துப் பாருங்கள். தானாக எதுவும் மாறாது.

வீட்டில் அடி உதை இருந்து பிரிந்தவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நேரில் பார்க்காதீர்கள், முகவரி கொடுக்காதீர்கள், கைமாற்றுவது மூன்றாமவர் வழியாகவோ நீதிமன்ற வளாகத்திலோ நடக்கட்டும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ள உத்தரவு கேட்கலாம். பெண்களுக்கு உடனடி உதவி எண் 181.

பிள்ளை இல்லாத நாட்களில் சமையல் கை அளவு தப்பும். நால்வருக்குப் போட்டுப் பழகிய கை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி போதும். மாவுக்கு, 2 டம்ளர் இட்லி அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து. அந்த அரை டம்ளர் பெரிய கிரைண்டரில் கல்லில் சிக்காது, ஐஸ் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரையுங்கள். வியாழன் இரவு அரைத்தால் வெள்ளிக் காலை பொங்கியிருக்கும், ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பிள்ளை வந்ததும் தோசை.

பிள்ளையை விட்டுவிட்டு வந்த முதல் இரண்டு மணி நேரம்தான் தாங்க முடியாதது. நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒவ்வொரு வாரமும் மாறாத ஒரு வேலை வையுங்கள்: நடைப்பயிற்சி, கோயில், அக்கா வீடு, நீச்சல், நூலகம் என்று எதுவும் இருக்கலாம், வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைக்கு வீடியோ கால் போட வேண்டாம், உங்கள் முகத்தைப் பார்த்தால் அது அங்கே தூங்காது. இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் என்று நேரம் வைத்துப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.