வயதானவர்களைக் கதிரையில் இருத்தி வைக்கும் பிழைகள்

திருகோணமலையில் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குப் பிசியோதெரபி செய்வது என் தொழில். ஒரே பிழைகளை வேறு வேறு விறாந்தைகளில் பார்க்கிறேன். அம்மாவையோ அப்பாவையோ புதிதாகப் பொறுப்பெடுத்த பிள்ளைகள் செய்கிறார்கள், இப்போதுதான் படித்து முடித்து வரும் தம்பி தங்கச்சிமாரும் செய்கிறார்கள். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்தவைதான் எல்லாம், அதனால் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. நாள் முழுக்க ரிவி பார்க்கக் கூடாது, உடம்பு அசைய வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

"காலையில் நடந்திட்டார், போதும்"

டச்சுக் குடாக் கரையில் விடியற்காலையில் அரை மணித்தியாலம் நடக்கும் ஐயாமார் நிறையப் பேர். நல்ல பழக்கம்தான். ஆனால் ஏழு மணிக்கு வீடு வந்து பேப்பரோடு சாய்மனைக் கதிரையில் சாய்ந்தவர், சாப்பிட மட்டும் எழும்பி, இரவு வரை அதிலேயே கிடந்தால் அந்த அரை மணித்தியாலம் எந்த மூலைக்குக் காணும்? உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, 3 நாளாவது சமநிலைக்கும் தசைப் பலத்துக்குமான பயிற்சி. அது ஒரு பக்கம். உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும், அதற்குப் பதிலாக மெல்லிய அசைவு இருந்தாலும் பயன்தான் என்பது மற்றப் பக்கம். 2016 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளில் 8 மணித்தியாலத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண ஆபத்தை ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று அதில் தெரிந்தது. எழுபது கடந்த முழங்கால்களிடம் அதைக் கேட்பதை விட, அரை மணிக்கொரு தரம் ஆளை எழுப்பி முற்றம் வரை நடக்கவிடுவது லேசு. சீனி வருத்தம் உள்ளவர் என்றால் சாப்பிட்ட கையோடு சாய விடாதீர்கள், கொஞ்சம் உலாவட்டும். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளும்.

"நீங்க இருங்கோ, நான் கொண்டு வாறன்"

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் பிழை. இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தால் செய்கிறார்கள். அதனால் திருத்துவதும் கஷ்டம்.

உவர்மலைப் பக்கம் ஒரு ஆச்சி. மகன் கனடா. தனியாக இருந்தபோது அவவே முற்றம் கூட்டுவா, சாமிப் படத்துக்குப் பூ ஆய்வா, தேங்காய் துருவுவா, மீன்காரர் படலையில் ஹோர்ன் அடித்தால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய், பெட்டிக்குள் குனிந்து பார்த்து, சூடை விலைக்குச் சண்டை பிடித்துத்தான் வாங்குவா. ஒரு நாள் குளியலறையில் சறுக்கி விழுந்தா. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் மகன் பறந்து வந்து, பஞ்சு வைத்த பெரிய கதிரை ஒன்று வாங்கிப் போட்டு, பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையையும் வைத்து, "அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி கதிரைக்கு வந்தது, சோறு கதிரைக்கு வந்தது, மருந்தும் றிமோட்டும் கைக்கு எட்டும் ஸ்டூலில் இருந்தன. மீன் வாங்க அந்தப் பிள்ளை போனது.

சில மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். எழும்பச் சொன்னேன். கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி ஆடிப் பார்த்தா, இடுப்பு அரை அடி தூக்கிவிட்டுத் திரும்ப விழுந்தது. மகன் போனில் சொல்கிறார்: "வயசாகிட்டுதுதானே, இனி இப்பிடித்தான்."

இல்லை. கதிரையிலிருந்து எழும்புவதும் திரும்ப இருப்பதும்தான் தொடைத் தசைக்கு இருக்கும் மிகச் சாதாரணமான, மிகப் பெரிய பயிற்சி. படலைக்கு, குசினிக்கு, கிணற்றடிக்கு என்று ஒரு நாளில் எத்தனையோ தரம் ஆச்சி அதைத் தெரியாமலே செய்துகொண்டிருந்தா. வேலையைப் பறித்தபோது அதையும் பறித்துவிட்டோம். 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல சுகத்தோடு இருந்த வயதானவர்களைப் பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கால்களில் கொழுப்பில்லாத தசைத் திசு மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்துவிட்டது. வருத்தம் ஒன்றும் இல்லாதவர்களுக்கே அப்படி. கதிரையும் கட்டிலும் ஒன்றல்ல, சரி, ஆனால் போகும் திசை அதேதான். தசை மெலிந்தால் எழும்பப் பயம் வரும், பயம் வந்தால் இன்னும் கூட நேரம் கதிரையிலேயே இருப்பார்கள், அப்புறம் உண்மையாகவே விழுவார்கள்.

"அம்மாவை வேலை வாங்கினால் சனம் என்ன சொல்லும்?" என்று மகன் கேட்டார். பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு வேறு பயம்: ஆச்சி விழுந்தால் பழி தன் தலையில். இரண்டு பேரிடமும் வெளிப்படையாகப் பேசாமல் எந்தப் பயிற்சியும் சரிவராது. புதிதாக வரும் பிசியோமார் இங்கேதான் தவறுகிறார்கள். பத்துப் பயிற்சி எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள், தாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபடி இருக்கும். நான் செய்தது வேலையைத் திருப்பிக் கொடுத்ததுதான். தேத்தண்ணி இனிக் குசினி மேசையில் மட்டும். பூ ஆய்வது ஆச்சி. வெங்காயம் உரிப்பது நின்றபடி, பக்கத்தில் பிடிக்க மேசை. மீன்காரர் வந்தால் அந்தப் பிள்ளை கூடப் போகும், விலை பேசுவது ஆச்சி. குளியலறைச் சுவரில் கைப்பிடியும், வழுக்காத பாயும் போடச் சொன்னேன். விழுந்த அன்றே செய்திருக்க வேண்டியது அதுதான். மெல்ல மெல்லக் கை ஊன்றாமல் எழும்பத் தொடங்கினா.

பதிகிற சோபா

முழங்காலை விட இடுப்பு கீழே போனால் அந்த இருக்கை வேண்டாம். கை வைத்த, உயரமான மரக் கதிரை போதும்.

தண்ணீரைக் குறைப்பது

எழும்பிப் பாத்ரூம் போகப் பஞ்சிப்பட்டு, அல்லது மற்றவர்களைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நம் ஊரில் சூடான, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது பொல்லாதது: நாக்கு வறளும், தலை சுற்றும், மலச்சிக்கல் வேறு. போத்தலைக் கதிரையடியில் வைக்காமல், நடந்து போய் எடுக்கும் தூரத்தில் வையுங்கள், ஆனால் குடித்தார்களா என்று பாருங்கள். நடக்கவே ஏலாதவருக்கு இது பொருந்தாது, அவருக்குக் கையில் கொடுங்கள்.

சடாரென எழுப்புவது

நெடுநேரம் இருந்தவரின் இரத்தம் காலில் தங்கி நிற்கும். பிறசர் குளிசை எடுப்பவர் என்றால் எழும்பி மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளியோ, சிலருக்கு அதற்கு மேலுமோ, குறையலாம். கதிரையின் நுனிக்கு வந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, எழும்பி, பிடித்தபடி கொஞ்சம் நின்று, பிறகு நடக்கட்டும். கெண்டைக்கால் தசைதான் இரத்தத்தை மேலே தள்ளிவிடும் பம்ப், அது முதலில் வேலை தொடங்க வேண்டும். தலைசுற்று அடிக்கடி வந்தால் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாரி வந்தால் நடையை நிறுத்துவது

விறாந்தை இருக்கிறது.

வீங்கிய காலைத் தேய்ப்பது

இரண்டு காலும் பின்னேரத்தில் கொஞ்சம் வீங்குவது தொங்கப் போட்டு இருப்பவர்களுக்கு வரக்கூடியது, இருந்தாலும் கிளினிக்கில் காட்டுங்கள். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்து, தொட்டால் சூடாக இருந்தால் அது நரம்புப் பிடிப்பு என்று எண்ணெய் பூசித் தேய்க்காதீர்கள். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூடவே மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990 ஆம்புலன்சுக்குப் போன் அடியுங்கள்.