எண்பதுகளின் ரப்பர் பேய்ப் படங்களைப் பார்ப்பது எப்படி

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு முகூர்த்தத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டிருப்பேன். ஆடி, மார்கழியில் வேலை குறையும். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் ஹாலில் ஒரு பழைய படம் ஓடும். அக்கா மகள், மச்சான், பக்கத்து வீட்டுத் தம்பி, நான் என்று நாலு பேர். மூன்று வருஷமாகப் பெரும்பாலும் ஒரே வகைதான் பார்க்கிறோம்: 1980களில் சொற்பக் காசில் வெளிநாட்டில் எடுத்த பேய்க் காமெடிப் படங்கள். எதிலிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். இப்போது வருகிற டிவிகள் பலவற்றில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று கடையிலிருந்து வரும்போதே ஆனில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். செட்டிங்ஸில் 'மோஷன்' என்று வருகிற இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். இந்தப் படங்கள் நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தவை. டிவி தானாக நடுவில் ஃப்ரேம் செய்து செருகினால் ராத்திரிக் காட்சியெல்லாம் சீரியல் செட் மாதிரி ஆகிவிடும். பொம்மையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த காட்சிகள் கெட்டே போகும். இருட்டாக இருக்கிறது என்று பிரைட்னஸை ஏற்றாதீர்கள், ஹால் விளக்கை அணையுங்கள். போனில் பார்க்கவே வேண்டாம். பாதி பயமும் பாதி சிரிப்பும் சத்தத்தில் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கராவது வேண்டும். சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள். சின்னப் பிள்ளைகளைத் தூங்க வையுங்கள், எல்லாமே பெரியவர்களுக்கான படங்கள்.

முதல் தடவை தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருத்தர் சிரித்தால்தான் நமக்குச் சிரிப்பு வரும், பக்கத்தில் ஒருத்தர் கத்தினால்தான் திடுக்கென்று இருக்கும். இரண்டும் அடுத்தடுத்த நொடியில் வருவதுதான் இந்த வகைப் படத்தின் சுகம்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது உறுத்தும்போதெல்லாம் கேளுங்கள்: இன்னும் பத்து லட்சம் டாலர் கொடுத்திருந்தால் இது சரியாகியிருக்குமா? ஆகியிருக்கும் என்றால் அது காசில்லாத குறை. அதை ரசிக்கப் பழகிக்கொள்ளலாம், பழகினால் அதுதான் படத்தின் ருசியே. எவ்வளவு கொட்டினாலும் சரியாகியிருக்காது என்றால் அது புத்தியின் குறை. அதற்குச் சலுகை தரத் தேவையில்லை. இந்த இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்வதால்தான் ஒரு கூட்டம் இந்தப் படங்களை மொத்தமாகக் குப்பை என்கிறது, இன்னொரு கூட்டம் மொத்தமாகக் கொண்டாடுகிறது.

தொடங்க வேண்டியது 'ஈவில் டெட் 2' (1987). சாம் ரெய்மி இயக்கம், ப்ரூஸ் கேம்பெல் நடிப்பு. முதல் பாகம் பார்த்திருக்க வேண்டியதில்லை. தேவையானதைச் சுருக்கி, மாற்றி, தொடக்கத்திலேயே மறுபடி சொல்லிவிடுகிறார்கள். காட்டுக்குள் ஒரு மரவீடு, டேப்பில் பதிவான மந்திரம், அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும் தீய சக்தி, அவ்வளவுதான் கதை. வட கரோலினாவில் வேட்ஸ்பரோ என்ற சின்ன ஊரில், ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குள் வீட்டின் உள்பக்கத்தை செட் போட்டு எடுத்தார்கள். செலவு சுமார் 35 லட்சம் டாலர். முதல் பாகத்துக்கு இருந்ததோ நாலு லட்சத்துக்கும் குறைவு.

கை காட்சி வரும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கதாநாயகனின் வலது கையைப் பேய் பிடித்துவிடுகிறது. கை மட்டும். அது அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது, சமையலறையில் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கிறது. கிராஃபிக்ஸ் கிடையாது. ஒரு நடிகர் தன் கையால் தன்னையே அடித்துக்கொள்கிறார், நமக்கு இரண்டு பேர் சண்டை போடுவதாகத் தெரிகிறது. எடிட்டராகச் சொல்கிறேன், இதில் எடிட்டிங்கை விட நடிப்புதான் பெரிய வேலை செய்கிறது. அப்புறம் அந்தக் கையை ரம்பத்தால் வெட்டி, ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, மேலே கனத்துக்குப் புத்தகங்களை அடுக்குகிறான். மேலே இருக்கிற புத்தகம் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆர்ம்ஸ் என்றால் ஆயுதம், கை என்றும் பொருள். கைக்கு விடை கொடுத்தாயிற்று! கண் சிமிட்டினால் தவறிவிடும்.

ரத்தம் சில இடங்களில் பச்சையாகவும் கறுப்பாகவும் தெறிக்கும். சிவப்பாக இருந்தால் தணிக்கையில் மாட்டும் என்று நிறத்தை மாற்றினார்கள். காசுக் கஷ்டம், தணிக்கைக் கஷ்டம் இரண்டும் சேர்ந்து படத்துக்கு ஒரு கார்ட்டூன் நிறத்தைக் கொடுத்துவிட்டன. நிலவறையிலிருந்து வரும் பருத்த கிழவிப் பேயையும் கவனியுங்கள். அந்த ரப்பர் உடைக்குள் இருப்பவர் இயக்குநரின் தம்பி டெட் ரெய்மி. அவள் காற்றில் சுழலும் இடத்தில் காதோரமாகத் திரவம் ஒழுகுவது தெரியும். உடைக்குள் தேங்கிய வியர்வை அது. அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டிக் காட்டினேன். "பாவம் மாமா அவர்" என்றாள் அக்கா மகள். அதற்கப்புறம் அந்தப் பேயைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு மனிதர் வெந்துகொண்டிருப்பதும் சேர்ந்தே தெரிகிறது. பயம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒட்டுதல்தான் கூடியது.

இரண்டாவது ஞாயிறு, 'கில்லர் க்ளவுன்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' (1988). கோமாளி உருவில் வேற்றுக்கிரகத்தார் வந்து ஊர் மக்களைப் பஞ்சு மிட்டாயில் பொதிந்து வைக்கிறார்கள். பொம்மைகளும் விசேஷ உருவங்களும் செய்வதையே தொழிலாகக் கொண்ட கியோடோ சகோதரர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்தது. அதனால் உருவங்கள் அருமை, மனிதர்கள் சுமார். காதல் ஜோடி பேசும் இடங்களிலும் ஐஸ்கிரீம் வண்டி அண்ணன் தம்பி வரும் இடங்களிலும் டீ போட எழுந்து போகலாம், ஒன்றும் நஷ்டமில்லை. பஸ் ஸ்டாப் காட்சிக்கு மட்டும் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு கோமாளி சுவரில் கை நிழலில் உருவம் காட்டுகிறான், நாம் கரண்ட் போன ராத்திரிகளில் செய்ததுதான். நிற்பவர்கள் குழந்தைகள் மாதிரி கை தட்டுகிறார்கள். நிழல் டைனோசராகிறது. குனிந்து அத்தனை பேரையும் விழுங்குகிறது. காட்சி அவ்வளவுதான், எங்கள் மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

இந்த இரண்டும் பிடித்தவர்களுக்குத்தான் அடுத்த படி. பிடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

'பேட் டேஸ்ட்' (1987) நியூசிலாந்துப் படம். பின்னாளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மூன்று பாகப் பெரிய மோதிரக் கதையை எடுத்த பீட்டர் ஜாக்சன், பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களை வைத்து நாலு வருஷம் லீவு நாட்களில் எடுத்தது. வேற்றுக்கிரக முகமூடிகளை அம்மா வீட்டு ஓவனில் வேகவைத்தார். 16 எம்.எம். கேமரா, படப்பிடிப்பில் சத்தப் பதிவு கிடையாது, எல்லாக் குரலும் பிறகு டப்பிங். வாயும் வார்த்தையும் ஒட்டாமல் வரும்போது நம் கேள்வியைக் கேளுங்கள்: காசு இருந்தால் சரியாகியிருக்குமா? ஆகியிருக்கும். விட்டுவிடலாம். மலை விளிம்பில் தாடி வைத்த ஒருத்தனும் தாடி இல்லாத ஒருத்தனும் சண்டை போடும் காட்சியைப் பாருங்கள். இரண்டு பேரும் ஜாக்சனே. தாடி வைத்து எடுத்த ஷாட்டையும் மழித்த பிறகு எடுத்த ஷாட்டையும் ஒட்டியிருக்கிறார். ஒரே கல்யாணத்தின் காலை வெயிலையும் மதிய வெயிலையும் ஒட்டவே நான் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தக் காட்சியை நான் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன்.

இதைவிட ஏழைப் படம் 'பாஸ்கெட் கேஸ்' (1982). ஃப்ராங்க் ஹெனன்லாட்டர் நியூயார்க் தெருக்களில் சுமார் 35,000 டாலரில் எடுத்தது. ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்ட இரட்டையரில் ஒருவன் பிரம்புக் கூடைக்குள் இருக்கிறான், மற்றவன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். கடைசியில் ஓடும் பெயர்களில் பெரும்பாலானவை கற்பனை. வேலை செய்தவர்கள் அவ்வளவு குறைவு, அதே பெயர்களைத் திரும்பத் திரும்பப் போடாமல் புதுப் பெயர்களை எழுதிவிட்டார்கள். கூடைக்குள் இருப்பவன் ஹோட்டல் அறையை நொறுக்கும் காட்சி வெட்டி வெட்டி இழுக்கும். எனக்கு அந்த இழுப்பே வேண்டும். உடம்பு சரியாக வாய்க்காத ஒருத்தனின் ஆத்திரத்துக்கு அது பொருந்துகிறது.

'சாப்பிங் மால்' (1986) ஷாப்பிங் மாலில் காவல் ரோபோக்கள் வெறிபிடிக்கும் கதை. தலைப்பு வெட்டப்போவதாகச் சொல்கிறது, படத்தில் லேசர்தான். முதலில் 'கில்பாட்ஸ்' என்று வெளியிட்டு, ஓடாததால் குறைத்து வெட்டிப் பெயரை மாற்றினார்கள். 77 நிமிஷம். வேறு ஒன்றும் கிடைக்காத ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'ரீ-அனிமேட்டர்' (1985) விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஸ்டூவர்ட் கார்டன் இயக்கிய இதில் ஜெஃப்ரி கோம்ப்ஸின் நடிப்பு இந்த வகைக்கே பாடம். செத்தவர்களை எழுப்பும் பச்சைத் திரவத்தோடு அலையும் மாணவன். படம் முழுக்க ஒரு தடவைகூட இது காமெடி என்று தெரிந்த மாதிரி நடந்துகொள்வதில்லை. செத்த பூனை உயிர் பெற்றுத் தாக்கும் நிலவறைக் காட்சியில் தொங்குகிற பல்பை ஆடவிட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வந்து வந்து போவதால் பூனை பஞ்சடைத்த பொம்மை என்று கண் பிடிப்பதற்குள் இருட்டாகிவிடுகிறது. ஒரு பல்பு எவ்வளவு செலவை மிச்சம் பிடித்திருக்கும்! ஆனால் கடைசிப் பகுதியில் கட்டிப்போட்ட கதாநாயகியிடம் வெட்டுண்ட தலை நடந்துகொள்ளும் காட்சி இருக்கிறது. அது பலாத்காரம், அதைச் சிரிப்பாக்கியிருக்கிறார்கள். பத்து லட்சம் டாலர் அதைச் சரிசெய்திருக்காது. நான் அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிவிடுகிறேன், பார்க்க வருபவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இப்படி? அது வீடியோ கேசட் பெருகிய காலம். வாடகைக் கடைகளுக்கு அலமாரி நிரப்பப் படம் வேண்டும், பேய்ப் படத்துக்குப் பெரிய நடிகர் வேண்டாம். ரத்தமும் ஆடையில்லாத பெண்ணும் இருந்தால் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். நட்சத்திரம் வாங்கக் காசில்லாத இடத்தில் பெண் உடம்பை வைத்து ஈடுகட்டினார்கள். காரணம் புரிகிறது, அதற்காகச் சரி என்று ஆகிவிடாது.

கடைசிக்கு வைத்திருப்பது 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' (1985), டான் ஓ'பன்னன் இயக்கியது, செத்தவர்கள் எழுந்து மூளை தின்னும் கதை. இந்த வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்தது, மிகக் கோபம் வருவதும் இதில்தான். கல்லறையில் ஒரு பெண் ஆடையைக் கழற்றி ஆடுகிறாள், அதற்கப்புறம் படம் முழுக்க அவளுக்கு உருப்படியாக உடுப்பே இல்லை. "கூட வந்தவங்க எல்லாரும் ஜாக்கெட் போட்டிருக்காங்க, இவளுக்கு மட்டும் குளிராதா?" என்று அக்கா மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஆனால் அதே படத்தில், இடுப்புக்கு மேல் மட்டும் மிஞ்சிய ஒரு பிணத்தை மேஜையில் கட்டிவைத்து, ஏன் மூளை தின்கிறாய் என்று கேட்கிறார்கள். செத்திருப்பது வலிக்கிறது, தின்றால் வலி குறைகிறது என்கிறது அது. முதுகெலும்பு மேஜையில் துடித்துக்கொண்டிருக்கிறது. ரப்பர் என்று தெரிந்தும் ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.

அதற்கும் பின்னால், மருத்துவப் பொருள் கிடங்கில் வேலை பார்க்கும் ஃப்ராங்க், தான் பிணமாக மாறிக்கொண்டிருப்பது தெரிந்து, பிறரைத் தின்பதற்கு முன் தானே எரியூட்டும் அடுப்புக்குள் போகிறார். போகும் முன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி முத்தமிட்டு, அடுப்பின் பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார். முதலில் எழுதியதில் இது இல்லை. நடிகர் ஜேம்ஸ் கேரன், மழைக் காட்சியில் நனைந்துகொண்டு பிணமாக அலைய மனமில்லாமல், தானே யோசித்துச் சொன்ன முடிவு. அந்த இடத்துக்கு வரும்போது வேறு எதுவும் செய்யாதீர்கள். மோதிரம் பிடியில் ஆடுவதை மச்சான் இரண்டு தடவை பின்னால் ஓட்டச் சொன்னார்.