ரேஸுக்குக் கிளம்பும் முன் பிளாக்கை அளந்துவிடுங்கள்

பாளையங்கோட்டையில் என் பைக் பட்டறைக்கு வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, என் வண்டி எந்தக் கிளாஸில் ஓடும்?" என்பதுதான். தேசிய பைக் ரேஸ் சாம்பியன்ஷிப்பில் நான் பார்த்த ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலும் இரண்டு கிளாஸில் அடங்கிவிடும். ஒன்று 165 சி.சி. வரை, இன்னொன்று 301 முதல் 400 வரை. ஆர்15, அப்பாச்சி 160 முதலாவதில். ஆர்ஆர் 310, ஆர்சி 390 இரண்டாவதில். 250 சி.சி. வண்டிக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. அதை வாங்கும் முன்பே யோசியுங்கள்.

ஸ்டாக் (கம்பெனி வண்டி) என்று பெயர் போட்ட கிளாஸில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்த வருட விதிப்புத்தகத்தில் வரிவரியாகப் படியுங்கள். போன வருடப் புத்தகத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

போரிங், அதாவது சிலிண்டரின் உள்ளே கடைந்து அகலமாக்குவது, செய்ய அனுமதி இருந்தால்தான் கணக்கில் கவனம் வேண்டும். போர் என்பது சிலிண்டரின் உள் விட்டம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம். போரைப் போரால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்குங்கள், எல்லாம் சென்டிமீட்டரில். அப்பாச்சி 160-இன் போர் 62 மி.மீ., ஸ்ட்ரோக் 52.9. கணக்குப் போட்டால் 159.7 சி.சி. போர் 63 ஆனால் 164.9, எல்லைக்குள்தான். ஆனால் 63.05 ஆகிவிட்டால் 165.16. நூலளவுகூட இல்லாத தேய்மானம், வண்டி கிளாஸை விட்டு வெளியே போய்விடும்.

என் அக்கா மகனுக்கு இப்படித்தான் ஆனது. கோயம்புத்தூர் பக்கம் ஒரு கிளப் ரேஸ். லேத்தில் கொடுத்த சீட்டில் 63 என்று எழுதியிருந்தது, நானும் அளக்காமல் மாட்டிவிட்டேன். ரேஸ் முடிந்து ஹெட்டைக் கழற்றி அளந்தார்கள். மூன்றாவதாக வந்த அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை. "மாமா, ஆர்.சி. புக்குல 159 தானே இருக்கு?" என்று அவன் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது.

அதனால் நீங்களே அளந்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு அளந்தால் அளவு தப்பும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் எடுங்கள். வெர்னியர் மேல் விளிம்போடு நின்றுவிடும், உள்ளே தேய்ந்திருப்பது தெரியாது. உள் விட்டத்தை அளக்கும் போர் கேஜ்தான் சரி. மேலே, நடுவில், கீழே. ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. ஆறு அளவில் பெரியதையே கணக்குக்கு எடுங்கள். நான் எல்லைக்கு ஒரு சி.சி.யாவது கீழே வைப்பேன். அந்த ஒரு சி.சி.யால் கிடைக்கும் வேகத்தை நல்ல டயர் கொடுத்துவிடும்.

அப்புறம் மற்றவை. கண்ணாடி, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் கழற்றிவிட வேண்டும். ஆயில் டிரெயின் போல்ட் கழன்றுவிடாமல் லாக் வயர் கட்டுங்கள். விட்டவுடன் ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்ப வேண்டும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த லெதர் சூட், முழுமுக ஹெல்மெட், எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (நாட்டின் மோட்டார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு) லைசென்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு இங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர். அளந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதி, விதிப்புத்தகத்துக்குள் செருகி எடுத்துப் போங்கள்.