பழைய காரில் கைப்பிடியை எடுத்துவிட்டு பட்டன் வைப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் 1940களிலும் 50களிலும் மெர்க்குரி, ஷெவர்லே கார்களைச் செதுக்கித் தங்கள் விருப்பம்போல் மாற்றியவர்கள் முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று கதவுக் கைப்பிடி. அதைக் கழற்றி, ஓட்டையை ஈயம் காய்ச்சி அடைத்துவிட்டால் பானட்டில் இருந்து பின்புறம் வரை கண் எங்கும் தடுக்காமல் ஓடும். ஆனால் அப்புறம் கதவை எப்படித் திறப்பது? எங்கோ ஒளித்து வைத்த ஒரு பட்டன், கதவுக்குள் ஒரு சொலினாய்டு (மின்சாரம் கொடுத்தால் தண்டை இழுக்கும் காந்தச் சுருள்), அவ்வளவுதான். பட்டனால் திறக்கும் கதவு கம்பெனியிலிருந்தே வந்ததும் உண்டு, 1941 லிங்கன் கான்டினென்டலில் வெளியே கைப்பிடிக்குப் பதில் பட்டன்தான்.

நான் இதைச் செய்தது ஒரு இரண்டு கதவு 1951 ஷெவர்லேயில். கீழே சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் நான் மாற்றினேன். பட்டன் வேலை செய்த சந்தோஷத்தில் மின்சாரம் இல்லாமல் வெளியிலிருந்து இழுத்துத் திறக்கும் அவசரக் கேபிள் போடாமலே வெளியே எடுத்துப்போய், பேட்டரி இறங்கி, கண்ணாடி நாலும் ஏற்றிய நிலையில் ஒரு கடையின் பார்க்கிங்கில் மூன்று மணி நேரம் நின்றேன். குழந்தையின் பால் பாட்டில் உள்ளே இருந்தது. அந்த மூன்று மணி நேரத்துக்குப் பிறகுதான் இந்த வேலையில் பட்டன் கடைசி, மின்சாரம் இல்லாமல் திறக்கும் வழி முதல் என்று முடிவு செய்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது லாட்ச்

லாட்ச் என்பது கதவைப் பூட்டிப் பிடிக்கும் பகுதி. 1956க்கு முந்தைய அமெரிக்க கார்களின் லாட்ச் பெரும்பாலும் கதவை வண்டியின் உடம்போடு கவ்விப் பிடிக்காது. மோதலில் உடம்பு கொஞ்சம் முறுக்கினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதனால்தான் 1956 மாடல்களில் கவ்விப் பிடிக்கும் பாதுகாப்பு லாட்ச் வரத் தொடங்கியது. 70 வருடம் தேய்ந்த பழைய லாட்சில் சொலினாய்டைக் கட்டி இழுக்கச் சொல்வது சரியில்லை. 'பேர் க்ளா' என்று விற்கும், கரடி நகம் போல கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்ட்ரைக்கர் கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் லாட்சை முதலில் மாற்றுங்கள். கதவுத் தகட்டை வெட்டி, உள்ளே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். வெல்டிங் பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை டிங்கரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். உள்பக்கக் கைப்பிடி கம்பி வழியாக நேராக லாட்சை இழுக்கும்படியே இருக்கட்டும், அதை மின்சாரத்துக்கு மாற்றவே கூடாது. விபத்து நடந்தால் வெளியே இருப்பவர் கண்ணாடியை உடைத்துக் கை விட்டுத் திறக்கப்போவது அதைத்தான்.

எவ்வளவு இழுவை வேண்டும் என்று அளப்பது

வெளிக் கைப்பிடியின் ஓட்டை இன்னும் அடைக்காமல் இருக்கிறது இல்லையா, இப்போது அது உதவும். லாட்சின் நெம்புகோலில் ஒரு கம்பியை மாட்டி அந்த ஓட்டை வழியாக வெளியே விட்டு, கதவைச் சாத்தி, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசால் இழுங்கள். ஏழு கிலோவில் திறந்தால் குறைந்தது பதினான்கு கிலோ இழுக்கும் சொலினாய்டு வாங்க வேண்டும். குளிரில் கிரீஸ் கெட்டியாகும், புது ரப்பர் பீடிங் கதவை வெளியே தள்ளும், அதற்கெல்லாம் இந்த இரட்டிப்பு தேவைப்படும்.

உங்கள் வண்டி இன்னும் 6 வோல்ட்டா? ஷெவர்லே கார்கள் 1955இல்தான் 12 வோல்ட்டுக்கு வந்தன, ஃபோர்டு 1956இல். 12 வோல்ட் சொலினாய்டை 6 வோல்ட்டில் ஓட்டினால் மின்னோட்டம் பாதியாகி இழுவை ஏறக்குறைய கால்வாசிக்கு இறங்கிவிடும், கதவு அசையாது. அதனால் முதலில் வண்டியை 12க்கு மாற்றுங்கள். அந்தக் காலத்து ஃபோர்டும் மெர்க்குரியும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு இணைந்திருக்கும்) என்பதையும் மறக்க வேண்டாம். நான் கீழே சொல்லும் வயரிங் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

அவசரக் கேபிள்

சைக்கிள் பிரேக் கேபிள் போதும். ஒரு முனை லாட்ச் நெம்புகோலில், உறையோடு கீல் பக்கமாகக் கதவிலிருந்து உடம்புக்குள் நுழைந்து, மறுமுனை வண்டிக்கு அடியில் கை எட்டும் ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வளையமாக முடிய வேண்டும். கதவை முழுதாகத் திறந்து மூடும்போது கேபிள் இறுகவோ தானாக இழுபடவோ கூடாது, ஆகவே கீலுக்கு அருகில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். இரண்டு கதவுக்கும் போடுங்கள். கூடவே பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக ஒரு வயரை வண்டிக்கு அடியில் ரப்பர் மூடி போட்ட போல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், பேட்டரி இறங்கினாலும் வெளியிலிருந்து இன்னொரு பேட்டரியைத் தொட்டுப் பட்டனை அழுத்தலாம்.

சொலினாய்டைப் பொருத்துவது

கண்ணாடியை முழுக்க இறக்கி, அது வந்து நிற்கும் இடத்தைக் கதவுத் தகட்டில் குறித்துக்கொள்ளுங்கள், சொலினாய்டு அந்தப் பாதையில் வரக் கூடாது. கதவின் அடிமட்டத்திலும் வேண்டாம், மழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும். இழுக்கும் தண்டும் லாட்ச் நெம்புகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக வைத்தால் தண்டு உரசி பாதி பலம் வீணாகும், பலரும் சொலினாய்டையே குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பது இதனால்தான். இணைப்புக் கேபிளில் 3 மில்லிமீட்டர் தொய்வு விடுங்கள், இல்லையென்றால் லாட்ச் முழுமையாகப் பூட்டாது.

வயரிங்

சொலினாய்டு ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அந்த நேரத்தில் 20, 30 ஆம்பியர் கேட்கும். சின்னப் பட்டன் அதைத் தாங்காது, சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலே வேண்டும். 40 ஆம்பியர் ஐந்து கால் ரிலே, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று. கீழே வரும் எண்கள் அந்தக் கால்களின் மேல் போட்டிருப்பவை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர், அங்கிருந்து 10 கேஜ் வயர் ரிலேயின் 30ஆம் காலுக்கு. 87ஆம் காலிலிருந்து சொலினாய்டுக்கு, சொலினாய்டின் மறுமுனை கதவுத் தகட்டில் இல்லாமல் தனி வயரில் உடம்பு எர்த்துக்கு, ஏனென்றால் கிரீஸ் நிறைந்த கீல் நல்ல எர்த் தராது. 85 எர்த். 86க்குப் பட்டனிலிருந்து வரும் பாசிட்டிவ்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பல வரைபடங்களில் பட்டன் எர்த் பக்கம் இருக்கும். அப்படிச் செய்தால், பட்டன் வயர் எங்காவது தேய்ந்து தகட்டைத் தொட்டவுடன் ரிலே இயங்கி, ஓடும் வண்டியில் கதவு திறந்துகொள்ளும். பட்டனைப் பாசிட்டிவ் பக்கம் வைத்தால் அதே தேய்மானத்தில் பியூஸ்தான் போகும்.

அதுவும் போதாது. பட்டனுக்குப் போகும் பாசிட்டிவை இன்னொரு ரிலே வழியாகக் கொண்டு போங்கள்: 5 ஆம்பியர் பியூஸிலிருந்து அதன் 30ஆம் காலுக்கு, 87ஏ காலிலிருந்து பட்டனுக்கு, 86 இக்னிஷனுக்கு, 85 எர்த்துக்கு. 87ஏ கால் ரிலே இயங்காதபோது மட்டும் 30ஆம் காலோடு இணைந்திருக்கும், சாவி போட்டதும் அது துண்டிக்கப்படும், வண்டி ஓடும்போது வெளிப் பட்டனை யார் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு ரிலேயிலும் 85, 86 கால்களுக்கு இடையே ரிலே அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அடக்க ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை 86 பக்கம்.

கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் வயர்களை ரப்பர் குழாய்க்குள் விடுங்கள்.

கதவைச் சாத்தாமல் சோதிப்பது

கதவு திறந்தே இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரால் லாட்சின் நகத்தைத் தள்ளிப் பூட்டுங்கள், பட்டனை அழுத்துங்கள், திறக்கிறதா? மறுபடி பூட்டி உள் கைப்பிடி, மறுபடி பூட்டி அவசரக் கேபிள். பிறகு சாவி போட்டுவிட்டுப் பட்டன், இப்போது திறக்கக் கூடாது. இதை இருபது தடவையாவது செய்யுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டும் கேபிளை இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் கதவைச் சாத்தலாம், அதுவும் முதல் தடவை கண்ணாடியை இறக்கிவிட்டு.

லாட்ச் விட்டாலும் கதவு அப்படியே நின்றால் பிடிக்க இடமில்லை. கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்ப்ரிங் பாப்பர் வையுங்கள், இரண்டு அங்குலம் வெளியே தள்ளினால் விரல் நுழையும். ரொம்பக் கெட்டியான ஸ்ப்ரிங் வேண்டாம், அது எந்நேரமும் லாட்சை அழுத்திக்கொண்டே இருக்கும், நீங்கள் முதலில் அளந்த ஏழு கிலோ பத்தாகிவிடும். ஆகவே பாப்பர் போட்ட பிறகு தராசை எடுத்து இன்னொரு முறை அளக்கவும்.

பட்டனைப் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் அடியில் வைத்தேன், தண்ணீர் புகாத வகை. கீழ்ப் படிக்கட்டு ஓரத்தில் வைப்பவர்கள் உண்டு, சேறு அடித்து அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டையை அடைப்பதற்கு முன் ஒரு மாதம் வண்டியை இப்படியே ஓட்டுங்கள். அந்த ஓட்டை இருக்கும் வரை ஒரு கம்பியை விட்டாவது திறக்கலாம். அப்புறம் அதே கனத் தகட்டில் துண்டு வெட்டி, புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு புள்ளியும் ஆறிய பிறகு அடுத்ததை வைத்து வெல்டிங் செய்து, மெல்லிசாகப் பட்டி பார்த்துத் தேய்க்கவும். உள்ளே வயரும் பீடிங் ரப்பரும் இருப்பதால் பக்கத்தில் ஈரத்துணியும் தீயணைப்பானும் இருக்கட்டும். பெயின்ட் காய்ந்ததும் வீட்டில் வண்டியை எடுக்கும் எல்லோரையும் கூப்பிட்டு, குனியச் சொல்லி, அந்தக் கேபிள் வளையத்தை அவர்கள் கையாலேயே ஒரு தடவை இழுக்க வையுங்கள்.