பொங்கல் அவசரத்துக்கு நடுவே தேவசகாயம் திருநாள்: எங்கள் வீட்டு வழி

ஜனவரி 14, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சி, புனித தேவசகாயம் திருநாள். குடும்பத்தோடு கொண்டாட இதைவிடச் சிக்கலான தேதி கிடைக்காது. 2025-ல் பொங்கலே அன்றைக்குத்தான் வந்தது. 2026-ல் பொங்கலுக்கு முந்தின நாள். எப்படி வந்தாலும் வீடு ஒதுக்கணும், வெள்ளையடிக்கணும், பனையோலை, மஞ்சள்குலை, பனங்கிழங்கு என்று பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு மூன்று நடை நடக்கணும்.

2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு வந்த முதல் திருநாளில், ஆசைப்பட்டு ஆட்டுக்கறி போட்டு வீட்டளவில் ஒரு அசன விருந்தே வைத்தேன். கறி வேகவும் பூசை முடியவும் சரியாக இருந்தது. கோயில் மணியை அடுப்படியில் நின்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட முறை இது.

ஐந்தாம் தேதியே தொடங்கிவிடுங்கள். 5 முதல் 13 வரை ஒன்பது நாள், நவநாள் ஜெபக் கணக்குக்குச் சரியாக வரும். தனி மேசை தேட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் அவர் படம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் மேசை முழுக்க அவருக்குத்தான். பூசை நேரத்தையும் இந்த வாரத்திலேயே கோயில் உபதேசியாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டி நேரம் மாறக்கூடும்.

படத்தில் அவர் கைகால்களில் சங்கிலியோடு முழங்காலில் நிற்பார். பிள்ளைகளுக்கு அது வெறும் படம்தான். எங்கள் மாமனார் மாடு கட்டின சங்கிலி ஒன்று பரணில் கிடந்தது. மாட்டை விற்று வருஷம் பல ஆச்சு. அதை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். மாமியாரின் வெள்ளை விரிப்பில் துருக்கறை பிடித்து, இன்றுவரை போகவில்லை, பேச்சும் நிற்கவில்லை. இப்போது எண்ணெய்த் துணியால் துடைத்து, அடியில் வாழையிலை போட்டுத்தான் வைக்கிறேன். கதை சொல்லும்போது பிள்ளைகள் அதை மாறி மாறி மடியில் வைத்துக்கொள்வார்கள். சின்னவன் ஒருநாள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், “இதோட எப்படிம்மா சோறு சாப்ட்டாரு?” என்றான். நான் அதுவரை யோசிக்காத கேள்வி.

கதையை ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்காதீர்கள். ஜெபமாலை முடிந்ததும் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ஒரு துண்டு. 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் பத்மநாபபுரத்து உத்தியோகஸ்தர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பின்னால் அதே ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்தது ஒருநாள் கதை. எங்கள் வீட்டுப் பையன்கள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆடுமாடும் சொத்தும் கைவிட்டுப்போய்க் கலங்கி நின்ற நீலகண்டனுக்கு டிலனாய், எல்லாம் இழந்தும் விசுவாசம் விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது இன்னொரு நாள். 1745 மே 14-ல் நம்ம வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். மனைவிக்கு வைத்த பெயர் ஞானப்பூ.

1749-ல் கைதான பிறகு நடந்ததை வயது பார்த்துச் சொல்லுங்கள். எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். காயத்தில் மிளகாய் தேய்த்த கதை பெரியவர்களுக்கு. அந்த இரவு மேசையில் ஒரு கொத்து எருக்கம்பூ வைப்பேன். பூவை நீங்களே பறியுங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கடைசி இரவுக்கு 1752 ஜனவரி 14: ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் கல்லறை.

புனிதர் பட்டத்துக்கு முன்பே ரோமாபுரி அவர் பெயரிலிருந்து சாதிப் பெயரை எடுத்துவிட்டது. எங்கள் பெரியவர்களில் சிலர் இன்னும் சேர்த்தேதான் சொல்வார்கள். பிள்ளைகள் முன்னால் என்றால் நான் திருத்திவிடுவேன்.

நவநாளுக்குள் வரும் ஞாயிற்றுக்கிழமை வடக்கன்குளம் போய் வாருங்கள். திருக்குடும்ப ஆலயம் இரண்டு கையாக விரிந்திருக்கும். சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார வைக்கத்தான் அப்படிக் கட்டினார்கள். நடுவில் இருந்த சுவரை 1910-ல் இடித்தார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே இப்படி நடந்ததா என்று மூத்தவள் கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். காலையிலேயே கிளம்பினால் காற்றாடிமலையையும் பார்த்துவிடலாம். 14-ஆம் தேதி அங்கே கூட்டம் தாங்காது. தண்ணீர் எடுத்துப் போங்கள்.

இனி சாப்பாடு. கறியை விட்டுவிட்டு நான் கூட்டாஞ்சோற்றுக்கு வந்துவிட்டேன். பொங்கலுக்கு வாங்கின காய்கள் வீட்டில் இருக்கும், ஒரே பானை வேலை. இரண்டு டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. பருப்பு அரைவேக்காடானதும் அரிசி, பிறகு கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய். தேங்காய், சீரகம், வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் அரைத்து ஊற்றுங்கள். புளித்தண்ணீரைக் காய் வெந்த பிறகுதான் விடணும், முன்னால் விட்டால் காய் வேகாது. இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. கடைசியில் நல்லெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவே எட்டிப் பார்க்கும். தொட்டுக்கொள்ள கூழ்வற்றல் போதும்.

நெருப்பைத் தணித்து மூடிவிட்டுப் பூசைக்குப் போகாதீர்கள், அடிப்பிடிக்கும். இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். சூடு ஆறினாலும் ருசி குறையாது.

சாப்பிடும்போது எல்லோரும் தரையில் ஒரே வரிசை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் இலை நுனியை நீவிக்கொண்டே இருந்தார், கை சோற்றுக்குப் போகவில்லை. சின்னவன், “அத்தை, இன்னைக்கு மட்டும் ஏன் எங்ககூட சாப்பிடுதீங்க?” என்று கேட்டுவிட்டான். அவர் சிரித்தார். நான் வற்றல் எடுக்க எழுந்து போனேன். இப்போதெல்லாம் மத்தியானம் அவர் இருக்கிற நாளில் இலையோ தட்டோ எங்களோடுதான். முதல் ஒரு மாதம் மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உங்கள் வீட்டில் சகாயம் என்று பெயருள்ளவர் இருந்தால் முதல் இலை அவருக்கு, நாமவிழா இல்லையா. கேக் வேண்டாம், கருப்பட்டி காப்பி கொடுங்கள்.

ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் சங்கிலியைத் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன். மறுநாள் பொங்கலானால், விடிகாலையில் அந்த மேசைமேல்தான் கிழங்கும் காயும் பரப்பணும்.