அரைக்கோணச் சூத்திரம்: எந்தக் கோணத்தைப் பார்த்துக் குறி போடுவது?

சைன் 60° என்பது ஏறத்தாழ 0.866. அதில் பாதி 0.433. ஆனால் சைன் 30° சரியாக 0.5. கோணத்தைப் பாதியாக்கினால் சைனும் பாதியாகிவிடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். இருந்தும் அவசரத்தில் சைன்(அ/2) என்பதை (சைன் அ)/2 என்று எழுதிவிடுகிற மாணவர்கள் நிறைய. அடைப்புக்குறியை விடாமல் போட்டுப் பழகினால் இந்தத் தவறு பெரும்பாலும் வராது.

சூத்திரங்கள் இவை:

சைன்(அ/2) = ±√[(1 − காஸ் அ)/2]
காஸ்(அ/2) = ±√[(1 + காஸ் அ)/2]

எதில் கழித்தல், எதில் கூட்டல் என்று குழம்பினால் அ = 0 என்று போட்டுப் பாருங்கள். சைன் 0 பூச்சியம் ஆக வேண்டும். காஸ் 0 ஒன்று என்பதால் 1 − 1 வந்தால்தான் அது நடக்கும். ஆக, சைனுக்குக் கழித்தல்.

உண்மையில் மதிப்பெண் போகிற இடம் அந்த ± குறிதான். சிலர் இரண்டு விடைகளையும் எழுதி வைக்கிறார்கள். சிலர் எப்போதும் கூட்டல்குறியையே எடுக்கிறார்கள். இன்னும் சிலர் கால்பகுதியைப் பார்க்கிறார்கள், ஆனால் அ இருக்கும் கால்பகுதியை. பார்க்க வேண்டியது அ/2 எங்கே இருக்கிறது என்பதை.

ஒரு கணக்கு. காஸ் அ = 7/25, அ 270°க்கும் 360°க்கும் நடுவில். காஸ்(அ/2) என்ன? அ நான்காம் கால்பகுதியில் இருக்கிறது, அங்கே காஸ் மிகை, எனவே விடை 4/5 என்று போட்டால் தவறு. அ/2 இருப்பது 135°க்கும் 180°க்கும் நடுவில். அது இரண்டாம் கால்பகுதி. அங்கே காஸ் குறை. (1 + 7/25)/2 = 16/25. விடை −4/5. அதே இடத்தில் சைன் மிகை என்பதால் சைன்(அ/2) = 3/5. சரிபார்க்க வேண்டுமா? சைன் அ = 2 சைன்(அ/2) காஸ்(அ/2) = 2 × (3/5) × (−4/5) = −24/25. நான்காம் கால்பகுதியில் சைன் அ குறையாகத்தானே இருக்க வேண்டும், பொருந்துகிறது.

இதே கணக்கில் அ −90°க்கும் 0°க்கும் நடுவில் என்று கொடுத்திருந்தால்? வட்டத்தில் அதே புள்ளிதான். சைன் அ, காஸ் அ இரண்டும் மாறவில்லை. ஆனால் அ/2 இப்போது −45°க்கும் 0°க்கும் நடுவில். காஸ்(அ/2) = 4/5, சைன்(அ/2) = −3/5. இரண்டு குறிகளும் புரண்டுவிட்டன! ஆகவே சூத்திரத்தைத் தொடும் முன்பே, கொடுத்த எல்லையை 2ஆல் வகுத்து முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

டேனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. டேன்(அ/2) = சைன் அ/(1 + காஸ் அ). இதில் வர்க்கமூலமும் கிடையாது, ± உம் கிடையாது. மேலே சொன்ன இரண்டு எல்லைகளுக்கும் −3/4 என்றே வரும். அப்படியிருக்க, டேனுக்கும் வர்க்கமூலச் சூத்திரத்தையே மனப்பாடம் செய்வது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. (1 − காஸ் அ)/சைன் அ என்ற இன்னொரு வடிவமும் உண்டு; அதில் அ = 0 போட்டால் 0/0 வந்து நிற்கும்.

அப்புறம், சைன் 15°. இதற்கு உள்ளே போட வேண்டியது காஸ் 30°. காஸ் 15° இல்லை. (1 − √3/2)/2 என்பதை (1 − √3)/4 என்று சுருக்குவது அடிக்கடி நடக்கும். அது குறை எண், அதற்கு மெய் வர்க்கமூலமே இல்லை. சரியானது (2 − √3)/4, எனவே விடை √(2 − √3)/2. விடைப்பகுதியில் (√6 − √2)/4 என்று இருந்தால் பதறி அடித்துவிடாதீர்கள். அதை வர்க்கப்படுத்தினால் (8 − 4√3)/16, அதாவது அதே (2 − √3)/4. இரண்டும் ஏறத்தாழ 0.2588.

தொகையீட்டுக்குப் போகும்போது இதே சூத்திரம் வேறு உருவில் வரும். சைன்² 3அ இருந்தால் அது (1 − காஸ் 6அ)/2. பழக்கத்தில் காஸ் 2அ என்றோ காஸ் 3அ என்றோ எழுதிவிடுகிறார்கள். இடப்பக்கம் இருக்கும் கோணம் எதுவோ, அதன் இரட்டிப்பே வலப்பக்கம் வரும்.