யாழ்ப்பாணத்தில் போட்டோ வோக் நடத்தப் போறீங்களா? முதலில் கமராவை வீட்டில் வையுங்கள்

ஆகஸ்ட் வந்தால் போதும், நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வந்து இறங்கின சனம் கழுத்தில் கமராவோடு நின்று "ஒருக்கா டவுனைச் சுத்திக் காட்டுங்கோவன், படம் எடுக்கவேணும்" என்று கேட்கும். நானும் அப்படிக் கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் இந்தப் போட்டோ வோக்கை, அதாவது கூட்டமாக நடந்து படம் எடுக்கிற நடையை, தொடங்கினேன். முதல் நடையில் 14 பேர். கோட்டை, நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பெரியகடை, நல்லூர் எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்கிற திட்டம். பத்து மணிக்குள் பாதிப் பேர் வெயிலில் வாடி ஓட்டோ தேடத் தொடங்கிவிட்டார்கள். மிச்சப் பேரின் கமராவைப் பார்த்தால் எல்லாரிடமும் நூலகத்தின் வெள்ளைக் குவிமாடம், ஒரே கோணத்தில்.

அதற்குப் பிறகு என் கணக்கு இதுதான்: ஒரு நடைக்கு ஒரு வட்டாரம், ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட, இரண்டரை மணித்தியாலம், ஆட்கள் ஏழு பேருக்குள். ஏழுக்கு மேலே போனால் எங்கள் ஒழுங்கைகளில் அது நடை இல்லை, ஊர்வலம். சைக்கிளில் வருகிறவர் இறங்கி உருட்டவேண்டி வரும், நாய் குரைக்கும், படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

நடைக்கு முதல் குறைந்தது இரண்டு தரம் தனியாகப் போங்கள், அதே கிழமை நாளில், அதே நேரத்தில், கமரா இல்லாமல். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் கையில் கமரா இருந்தால் நீங்கள் படத்தைத்தான் தேடுவீர்கள், ஆட்களோடு கதைக்கமாட்டீர்கள். எந்தத் தேத்தண்ணிக் கடை ஐந்தரைக்கே திறக்கிறது, எந்த வீட்டு நாய் அவிழ்த்துவிட்டபடி நிற்கும், எந்த மதிலில் எத்தனை மணிக்கு வேப்பமரத்து நிழல் விழும், இதெல்லாம் இந்தச் சுற்றில்தான் தெரியவரும். கட்டாயம் யாராவது ஒரு பெரியவர் மறித்து "தம்பி ஆற்ற பிள்ளை, எந்த இடம்?" என்று கேட்பார். நின்று ஆறுதலாகப் பதில் சொல்லுங்கள். அவருக்கு உங்களைத் தெரிந்துவிட்டால் அடுத்த கிழமை ஏழு பேரோடு வரும்போது அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த மாதிரித்தான்.

எனக்குப் பிடித்த வழி பாசையூரில் தொடங்கிக் கரையோரமாக மேற்கே குருநகருக்கு வருவது, இரண்டும் மீன்பிடிக்கிற ஊர்கள். திசை முக்கியம். காலையில் கிழக்கே பார்த்து நடந்தால் சூரியன் முகத்தில் அடிக்கும், எதிரே வருகிற எல்லாரும் கறுப்பு உருவமாகத்தான் படத்தில் விழுவார்கள். மேற்கே நடந்தால் வெயில் உங்கள் முதுகில், எதிரே வருகிறவரின் முகத்தில். ஆறு மணிக்கு முதலே அங்கே நிற்கவேண்டும், ஏனென்றால் வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் கூறுகிற நேரம் உங்களுக்காகக் காத்திருக்காது. புதிதாக வருகிறவர்கள் ஓடிப்போய் மீனைத்தான் எடுப்பார்கள். அவர்களைப் பிடித்து ஏலம் கூறுகிறவரின் எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். அவர் விலையை ஏற்றிக்கொண்டு போகும்போது சுற்றி நிற்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை, ஒருவர் நாடியை அசைப்பார், இன்னொருவர் ஒற்றை விரலை மடிப்பார், ஒருவர் எனக்கு இதில் அக்கறையே இல்லை என்பதுபோல கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கடைசியில் அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். படம் அங்கேதான் இருக்கிறது. வழியில் நிற்காதீர்கள், பெட்டி தூக்கி வருகிறவருக்கு முதலிடம், செருப்பு வழுக்கும். வெயில் ஏறின பிறகு வலை பொத்துகிறவர்களிடம் வாருங்கள், அவர்கள் இருந்த இடத்தில் இருப்பார்கள், கதைக்கவும் நேரம் இருக்கும்.

பின்னேர நடைக்கு நல்லூர்ப் பக்கம் நல்லது. பருத்தித்துறை வீதியை ஒட்டி சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. யமுனா ஏரி 'ப' வடிவக் குளம், மாரி மழைக்குப் பிறகு நீர் நிற்கும்போது போனால் விம்பம் கிடைக்கும். மந்திரிமனையில் மர வேலைப்பாட்டை வெளியே நின்றே எடுக்கச் சொல்லுங்கள், பழுதான கட்டடம், ஆட்களை உள்ளே ஏற்றவேண்டாம். இந்தப் பக்கத்து ஒழுங்கைகளில் கவனித்துப் பார்த்தால் சங்கடப்படலை (கூரை போட்ட படலை) வைத்த பழைய வீடு, நடுவில் முற்றம் உள்ள நாற்சார் வீடு, தென்னோலை பின்னின கிடுகு வேலி ஒன்றிரண்டு இன்னும் தப்பியிருக்கும். கிடுகு வேலிக்குப் பின்னால் வெயில் சாயும்போது மணலில் விழுகிற கீற்றுக் கீற்றான வெளிச்சத்தை மதில் தராது.

கோயிலுக்குள் படம் இல்லை. நல்லூரில் ஆண்கள் மேலுடம்பில் சட்டை இல்லாமல்தான் உள்ளே போகவேண்டும் என்பதை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதல்நாளே வட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். திருவிழா 25 நாள், வெளி வீதியில் வேண்டியது கிடைக்கும். ஒரு சிக்கல், ஆகஸ்ட் கடைசியில் மத்தியான வெயில் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும் (சித்திரை வருஷப் பிறப்போடும் அப்படித்தான்), கண்குழி எல்லாம் கறுத்து முகங்கள் மண்டையோடு மாதிரி விழும். ஒன்பதரைக்கு முடியுங்கள், இல்லாவிட்டால் நாலரைக்குப் பிறகு தொடங்குங்கள். வெள்ளை வேட்டி கட்டின ஆட்களை எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். வேட்டி வெளிறிப்போனால் பிறகு மீட்க ஏலாது, நிழலில் இருக்கிற முகத்தைப் பிறகு தூக்கலாம். கமரா பற்றி இதற்கு மேல் நான் ஒன்றும் படிப்பிப்பதில்லை. போன் கொண்டு வந்தாலும் சரி, பெரிய சூம் லென்ஸ் மட்டும் வேண்டாம், அது தூரத்தில் ஒளிந்துநின்று எடுக்கிற பழக்கத்தைத் தரும்.

சோனகதெருவுக்குப் போவதென்றால் ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிட்டுப் போங்கள். 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். கூரை இல்லாமல் உள்ளே மரம் முளைத்து நிற்கிற சுவர்களைப் பார்த்தவுடன் "ஆ, என்ன வடிவு" என்று கமராவைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் திரும்பி வந்து பக்கத்து வீட்டில் இருக்கலாம், உங்களைப் பார்த்துக்கொண்டும் நிற்கலாம். முதலில் சலாம் சொல்லி, கதைத்து, பிறகு கேளுங்கள். நூலகத்தடியிலும் இதே மாதிரித்தான், 1981இல் எரிந்த 97,000 புத்தகங்களின் கதையைப் படம் எடுக்க முதல் சொல்லுங்கள், எடுத்து முடித்த பிறகு சொன்னால் யாரும் கேட்பதில்லை.

முகாம், காவலரண், சீருடைக்காரர் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம். ட்ரோன் என்று யாராவது வாய் திறந்தால் அனுமதி எடுத்துக்கொண்டு வேறு நாளில் வரச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கிணற்றடியில் குளிக்கிறவர்கள், செத்தவீடு, இரண்டும் அறவே இல்லை. காசு வாங்கி வெளிநாட்டுக்காரரைத் தொடர்ந்து கூட்டிப்போவதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுங்கள், நான் அதைப் பிந்தித்தான் எடுத்தேன், தேவையில்லாத தலையிடி.

நடை முடிவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து ஆளுக்கு ஐந்து படம் மட்டும் காட்டச் சொல்லுங்கள். முந்நூறில் ஐந்தைப் பொறுக்கப் படுகிற பாட்டிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் நான் பெரிய பிழை விட்டேன். பாசையூரில் ஒரு ஆச்சி, படியில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவ, எங்களோடு வந்த ஒரு பெடியனைக் கூப்பிட்டு "வடிவா எடு மோனை, என்ர கல்வெட்டுக்குப் போடலாம்" என்றா. செத்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்கிறோம். எல்லாரும் சிரித்தோம், பெடியன் எடுத்தான், பிரிண்ட் போட்டுத் தருகிறோம் என்று நான்தான் வாய்விட்டேன். பெடியன் விமானம் ஏறிவிட்டான், நானும் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த கூட்டத்தோடு போனால், ஏழு பேருக்கு முன்னால் ஆச்சி கேட்டா: "எங்க தம்பி என்ர படம்?" இடப்பெயர்வில் அல்பம் முழுக்க விட்டுவிட்டு ஓடிவந்த சனம் இது, ஒரு பிரிண்டின் பெறுமதி அவைக்குத் தெரியும்.

இப்போது நடைக் காசிலேயே பிரிண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். படம் எடுக்கிறபோதே வீட்டு அடையாளத்தைக் கொப்பியில் எழுதுகிறேன், "பச்சைப் படலை, முருங்கை நிற்கிற வீடு" என்று. அடுத்த ஞாயிறு சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கமரா கொண்டுபோவதில்லை. அடுத்த நடைக்கு வழி பார்க்கிற வேலையும் அதோடு முடிந்துவிடும்.